இசைக்கு முகம் வரைந்தவர்கள்

கடையிலிருந்து வாங்கி வரும் எந்தப் பண்டத்துக்கும் உறை ஒன்று உண்டு. வீட்டிற்கு வந்ததும் பண்டத்தை எடுத்துக்கொண்டு உறையைக் கிழித்து எறிந்துவிடுகிறோம். உறையின் ஆயுள் அவ்வளவுதான். ஆனால், இசைத்தட்டின் உறைக்கு இவ்விதி பொருந்தவில்லை. தட்டு தேய்ந்து, கீறல் விழுந்து, பாட்டு கேளாமற்போன பிறகும், அதன் உறையைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்போர் பலர் உளர். பெரிய அருங்காட்சியகங்களும் அவற்றைத் தேடிச் சேர்த்துள்ளன.

அவ்வுறைகளின்மேல் படம் வரைந்தவர்களின் கதை ஓவியம் பயிலும் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. குடும்பம் நடத்தும் நமக்கும், மேடையேறிப் பேசும் என்போன்ற குருக்களுக்கும் அதில் ஒரு செய்தி உண்டு. முன்பின் அறியாத ஒருவரிடம், மற்றொருவரை உள்ளது உள்ளபடி எப்படி அறிமுகம் செய்வது என்பதே அச்செய்தி.

கல்லறை போன்ற அட்டைகள்

கிராமபோன் காலத்து அரக்குத் தட்டுகளை முதியோர் நினைவில் வைத்திருப்பர். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அத்தட்டில், பக்கத்திற்கு மூன்று முதல் ஐந்து நிமிடப் பாட்டே அடங்கும். ஆகவே நீண்ட இசையை நாலைந்து தட்டுகளில் பதித்து, நிழற்படங்களை ஒட்டி வைக்கும் தொகுப்பேட்டைப்போல் ஒன்றாகக் கட்டி விற்றனர். ‘ஆல்பம்’ என்னும் பெயர் அவ்விதமே இசைத்தட்டுக்கு வாய்த்தது. அவ்வேட்டின் அட்டை பெரும்பாலும் பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் வெறுமையாயிருக்கும். முதுகில் பெயர் மட்டும் பொறித்திருப்பர். கடைகளில் அவை வரிசையாய் நிற்கும் கோலத்தைக் கண்டு, அவற்றைக் ‘கல்லறைக் கற்கள்’ என்றே வணிகர் அழைத்தனராம்.

அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் 1939-ஆம் ஆண்டு ஓவியப் பிரிவில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. இவ்வளவு அழகிய இசைக்கு இத்தனை அழகற்ற சட்டையா என்று அவர் வினவினார். 1940-இல், நியூயார்க் நாடக அரங்கொன்றின் முகப்பு விளக்கெழுத்துகளை மாற்றியமைத்து, அந்த இசைத்தொகுப்பின் பெயர் ஒளிரும்படி செய்து, அதைப் படம்பிடித்து அட்டையாக்கினார். செலவு கூடுமே என்று தயங்கிய நிர்வாகத்தினர், விற்பனை ஏறியதைக் கண்டு மனம் மாறினர். 1948-இல் நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் சுற்றை ஒட்டிச் சுழலும் நீண்ட நேரத் தட்டு வெளிவந்தபோது, அதைச் சிராய்க்காமல் காக்கும் மெல்லிய அட்டை உறையையும் அவரே வடிவமைத்தார். அதன்பின், பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒன்று ஓவியர்களின் கைக்குக் கிடைத்தது. அச்சிறு வெளியில்தான் நாம் சொல்லவந்த கதை நடக்கிறது.

ஒரு பியானோ, ஒரு பேனா

ஜாஸ் என்னும் இசையை நம் வாசகருள் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். அமெரிக்காவில் அடிமைகளாய் வதைக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், தங்கள் உழைப்புப் பாடல்களையும் புலம்பல்களையும் ஆலயப் பாடல்களையும் ஐரோப்பிய இசைக்கருவிகளோடு கலந்து உருவாக்கிய இசை அது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றி, நாடெங்கும் பரவியது. எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பதோடு நில்லாமல், அந்த நொடியில் உள்ளத்தில் எழுவதை வாசிப்பது அதன் உயிர். நம் கருநாடக இசையில் வித்துவான் கற்பனாசுவரம் பாடுவதை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும்.

அவ்விசை உலகில் ஆண்களுக்கு இணையாக நின்ற பெண்மணி மேரி லூ வில்லியம்ஸ். 1910-இல் அட்லாண்டாவில் பிறந்து, பிட்ஸ்பர்க் நகரில் வளர்ந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பியானோ வாசித்துப் பொருளீட்டிக் குடும்பத்தைத் தாங்கியவர். 1940-களில் நியூயார்க்கில் ‘கபே சொசைட்டி’ என்னும் அரங்கில் அவர் வாசித்துவந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் அமர அனுமதித்த, அக்காலத்தில் அரிதான அரங்கு அது.

அவருக்கு நண்பரானவர் ஓவியர் டேவிட் ஸ்டோன் மார்ட்டின். 1913-இல் சிகாகோவில் பிறந்தவர். பென் ஷான் என்னும் புகழ்பெற்ற ஓவியரிடம் உதவியாளராய் இருந்து, ஏழைத் தொழிலாளரின் வாழ்வைக் கோடுகளில் வடிக்கும் கலையைக் கற்றவர். டென்னசி மாநிலத்தில் லெனாய்ர் சிட்டி அஞ்சலகச் சுவரில், சிற்றூருக்கு மின்சாரம் வந்த காட்சியை 1940-இல் ஓவியமாக்கியவர். 1944-ஆம் ஆண்டு, மோசஸ் ஆஷ் என்பவரது சிறிய நிறுவனம் மேரி லூவின் இசையைத் தட்டாக வெளியிட முன்வந்தபோது, உறைக்கு மார்ட்டினே வரைய வேண்டுமென அவர் பரிந்துரைத்தார். அதுவே மார்ட்டினின் முதல் இசைத்தட்டு உறை. பின்னர் அவர் கையிலிருந்து 400-க்கும் மேற்பட்ட உறைகள் வந்தன என்பர். ஒரு தோழி திறந்த கதவு அவருக்கு வாழ்நாட் பணியாயிற்று.

அவர் வரைந்த முறையைச் சற்றே காண்போம். நுண்ணிய முனையுள்ள பேனாவைக் கரிய மையில் தோய்த்துக் கோடிழுப்பார். அக்கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, சிலவேளை மை சிதறி, துடிப்போடு ஓடும். பின்னணிக்குப் பெரும்பாலும் ஓரிரு வண்ணங்களே. வண்ணம் கூடினால் அச்சுச் செலவு கூடும். அக்குறையையே அவர் நிறைவாக்கிக்கொண்டார். இசைக்கலைஞரின் முழு உருவத்தையும் அழகுபட வரைவதில் அவருக்கு நாட்டமில்லை. பியானோவின்மேல் கவிந்த தோள், தந்தியை அழுத்தும் நீண்ட விரல், மூச்சடக்கி ஊதுவோனின் நெற்றி ஆகியவற்றிலேயே அவர் கண் ஊன்றியது. கலைஞர்களோடு நட்புப் பூண்டு, அவர்கள் வாசிக்கக் கேட்டுக் கேட்டே அக்கோடுகள் பிறந்தன. காது கேட்டதைத்தான் கை எழுதிற்று.

முகத்தைத் திருப்பித் தந்த கோடு

இக்கோடுகளின் அருமையை அறிய, அதற்கு முந்திய நிலையை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் விற்ற பாட்டுப் பிரதிகளின் அட்டைகளில், கறுப்பின மக்களைப் பருத்த உதடும் பிதுங்கிய விழியுமாய்க் கேலிச் சித்திரங்களாகத் தீட்டி வைத்தார்கள். அவர்களின் பாட்டு வேண்டியிருந்தது, முகம் வேண்டியிருக்கவில்லை. அத்தகைய நாட்டில், ஒரு கறுப்பினக் கலைஞரைச் சிந்தனை தோய்ந்த மனிதராக, தொழிலில் தேர்ந்தவராக, வேதனையும் மாண்பும் உடையவராக ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுசென்றது மார்ட்டினின் கோடு.

அவரைப் பெரிதும் பயன்படுத்திய நார்மன் கிரான்ஸ் என்னும் இசை ஏற்பாட்டாளரும் இங்கு நினைவுக்குரியவர். தம் கச்சேரிகளில் வெள்ளையர்க்கு ஓரிடம், கறுப்பர்க்கு ஓரிடம் என்று பிரித்து அமர்த்தினால் நிகழ்ச்சியே இல்லை என்று உறுதியாய் நின்றவர். 1955-இல் ஹூஸ்டன் நகரில் அவ்வாறு நின்றதன் விளைவாக, அவரும் அவருடைய கலைஞர்களும் காவலரால் கைது செய்யப்பட்டனர். அவருடைய கச்சேரிகளின் சின்னமாகத் திகழ்ந்த டிரம்பெட் வாசிப்போன் உருவம் மார்ட்டின் வரைந்ததே.

ஆயினும், எல்லா உறைகளும் உண்மை பேசினவா? இல்லை. 1957-இல் கொலம்பியா நிறுவனம், மைல்ஸ் டேவிஸ் என்னும் மாபெரும் கறுப்பினக் கலைஞரின் ‘மைல்ஸ் அஹெட்’ தட்டை வெளியிட்டது. உறையிலோ, பாய்மரப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் குழந்தையும் காட்சியளித்தனர். உள்ளே ஒலிப்பவர் ஒருவர். வெளியே சிரிப்பவர் வேறொருவர்! தம் தட்டின்மேல் அப்பெண்ணுக்கு என்ன வேலை என்று டேவிஸ் வெகுண்டார். பிற்பட்ட பதிப்புகளில் அப்படம் நீங்கி, அவருடைய படமே இடம்பெற்றது. அழகான படம்தான், அச்சும் குறைவின்றியே இருந்தது. ஆனால், அது பொய்ச் சாட்சி சொல்லிற்று.

தாயின் கையெழுத்து

உண்மை பேசுவதற்குப் பெரிய புலமை வேண்டும் என்பதுமில்லை. அதே 1957-இல் வெளிவந்த மற்றோர் உறை இதற்குச் சான்று. நியூயார்க் ஆறாம் நிழற்சாலையில் நின்று தம் இசையை வாசித்துவந்த, பார்வையிழந்த கலைஞர் ஒருவர் உண்டு. ‘மூன்டாக்’ என்பது அவர் சூட்டிக்கொண்ட பெயர். சிறுவயதில் வெடிமருந்து விபத்தில் கண்ணிழந்தவர். ‘தி ஸ்டோரி ஆஃப் மூன்டாக்’ என்ற அவரது தட்டின் உறையில் படமே கிடையாது. உறை முழுவதும் கையெழுத்து. வளைந்து நெளிந்து, பிள்ளை எழுதியதுபோன்ற அழகிய எழுத்து.

அதை எழுதியவர் ஜூலியா வார்ஹோலா என்னும் தாய். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோலின் அன்னை. இன்றைய ஸ்லோவாக்கியாவின் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1921-இல் அமெரிக்கா வந்தவர். கீழைத் திருவழிபாட்டு முறையைச் சார்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண்மணி. ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. ஆயினும் மகன் கேட்டபோது எழுத்தெழுத்தாய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தார். காண இயலாத ஒரு கலைஞரின் கதையை, அம்மொழியைத் திருத்தமாய் அறியாத ஒரு தாய் தம் கையால் எழுதி வைத்தார். தேர்ந்த அச்செழுத்து எதுவும் அதன் அருகில் நிற்கவில்லை.

உலகத்தின் குரல்கள்

நிற்க. மார்ட்டினுக்கு முதல் வாய்ப்பளித்த மோசஸ் ஆஷ் பிறகு என்ன ஆனார்? வார்சாவில் பிறந்த யூதரான அவர், முந்திய நிறுவனங்கள் கடனில் மூழ்கியபின்னும் தளராமல், 1948-இல் ‘போக்வேஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். உலக மக்கள் அனைவரின் இசையையும் ஒலியையும் பதிந்து வைப்பது அவர் எண்ணம். தாலாட்டு, ஒப்பாரி, அறுவடைப் பாட்டு, சிறுவர் விளையாட்டுப் பாட்டு, தவளைகளின் ஒலி என அவர் காலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட தட்டுகள் வெளிவந்தன. விற்றாலும் விற்காவிட்டாலும் எதையும் பட்டியலிலிருந்து அவர் நீக்கியதில்லை. 1986-இல் அவர் மறைந்தபின், 1987-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் அச்செல்வத்தை ஏற்றபோதும், அத்தனை தட்டுகளும் என்றும் கிடைக்கச் செய்வோம் என்னும் உறுதியுடனேயே ஏற்றது.

அத்தட்டுகளில் 500-க்கும் மேற்பட்டவற்றுக்கு உறை வடிவமைத்தவர் ரொனால்ட் கிளைன். கரிய கெட்டி அட்டை. அதன்மேல் சுற்றி ஒட்டிய, பளபளப்பில்லாத தாள். அதில் ஓரிரு வண்ணங்களில் அடங்கிய ஒரு படம். உள்ளே, அம்மக்களைப் பற்றியும் அப்பாடல்களைப் பற்றியும் விளக்கும் சிறு நூல் ஒன்று. அவ்வளவே. தொலைவிலுள்ள மக்களை வேடிக்கைப் பொருளாக்கி விற்கும் வழக்கம் மலிந்திருந்த காலத்தில், அடக்கமான வண்ணமும் அமைதியான எழுத்தும் கொண்டு, ‘இவர்களை மதிப்போடு கேளுங்கள்’ என்று அவ்வுறைகள் சொல்லாமற் சொல்லின.

மௌனத்திற்குப் பின் ஒரு பாடல்

இனி மேரி லூவிடம் திரும்புவோம். 1952-இல் ஐரோப்பா சென்ற அவர், புகழின் நடுவே உள்ளம் வறண்டு, 1954-இல் பாரிஸ் நகரில் ஒரு நாள் பியானோவை விட்டு எழுந்துவிட்டார். நண்பர் சிலரின் மரணமும், இசையுலகைச் சூழ்ந்த போதைப் பழக்கமும் அவரை வாட்டின. நியூயார்க் திரும்பி, ஹார்லெம் பகுதியில் எந்நேரமும் திறந்திருந்த லூர்து அன்னை ஆலயத்தில் மணிக்கணக்காய் மன்றாடினார். போதைக்கு அடிமையான கலைஞர்களைத் தம் சிறிய இல்லத்திலேயே வைத்துப் பேணினார். 1957 மே மாதம் திருமுழுக்குப் பெற்றார். ‘உம் இசையே உம் செபமாகட்டும்’ என்ற கருத்தில் குருக்களும் நண்பர்களும் ஊக்கமூட்ட, மீண்டும் பியானோவின் முன் அமர்ந்தார்.

1962 மே 6-ஆம் நாள், திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான், மார்ட்டின் தெ போரஸ் என்பவரைப் புனிதராக உயர்த்தினார். பெரு நாட்டின் லீமா நகரில் 1579-இல், இஸ்பானியத் தந்தைக்கும் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வழித் தாய்க்கும் பிறந்தவர் அவர். திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் பெயர் எழுதப்படவில்லை. நிறத்தின் பொருட்டு இகழப்பட்டும், தொமினிக்கன் மடத்தில் துடைப்பமேந்திக் கூட்டியும் நோயாளருக்குக் கட்டுப்போட்டும் 1639-இல் இறந்தவர். வெளித்தோற்றத்தைக் கண்டோர் ‘வேலைக்காரன்’ என்றனர். உள்ளே இருந்தவரோ புனிதர்.

அப்புனிதரைப் போற்றி மேரி லூ ஒரு பாடல் இயற்றினார். பாடலின் சொற்களை எழுதியவர், அவருக்கு ஞானத் துணையாய் விளங்கிய சேசு சபைக் குரு அந்தோணி உட்ஸ். 1962 நவம்பரில் நியூயார்க் புனித சவேரியார் ஆலயத்தில் அப்பாடல் முதன்முதல் ஒலித்தது. ‘அந்தேஸ் மலைகளின் கறுப்புக் கிறிஸ்து’ என்னும் பெயரோடு அறியப்படும் அத்தட்டை, 1964-இல் அவர் தம் சொந்த நிறுவனத்தின் பெயராலேயே வெளியிட்டார். அதற்கு உறை வரைந்தவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் கதவு திறந்துவிட்ட அதே டேவிட் ஸ்டோன் மார்ட்டின்! அவர் அப்போது பேர்பெற்ற ஓவியர். மேரி லூவோ, இசையுலகம் ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த பெண்மணி. அன்று அவர் கொடுத்ததை இன்று இவர் திருப்பிக் கொடுத்தார்.

மேரி லூ திருப்பலிக்கெனவும் இசை அமைத்தார். 1975-இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவ்விசையோடு திருப்பலி நடைபெற்றது. 1981-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். மார்ட்டின் 1992-இல் மறைந்தார்.

நாம் வரையும் உறைகள்

இன்று பாட்டு கைப்பேசியில் கேட்கிறது. பன்னிரண்டு அங்குலச் சதுரம் கட்டைவிரல் நகத்தளவு சுருங்கிவிட்டது. பெரிய தட்டுகள் மீண்டும் அச்சாகி விற்பனையாகின்றன என்றாலும், பழைய காலம் அப்படியே திரும்பாது. ஆனால், உறை வரையும் பணி ஓவியரோடு முடிவதில்லை. மற்றொருவரைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், கேட்பவர் கண்முன் ஓர் உறை வரைகிறோம். பெண் பார்க்க வந்தவரிடம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் சொல், மருமகளைப் பற்றி மாமியார் உறவினரிடம் சொல்லும் சொல், ஆசிரியர் மாணவனின் சான்றிதழில் எழுதும் ஒற்றை வரி, யாவும் உறைகளே. அந்த மனிதரை நேரில் அறியுமுன் உலகம் அவ்வுறையைத்தான் பார்க்கிறது.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ளாவிடில், இக்கட்டுரையும் ஒரு பொய் உறையாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கில், கோவிலை நெடுங்காலம் கூட்டிப் பெருக்கிய மூதாட்டி ஒருவர் இறந்தார். அடக்கத் திருப்பலியில் மறையுரை ஆற்றினேன். எளிமை, உழைப்பு, பொறுமை என்று எந்த அடக்கத்திலும் பொருந்தும் சொற்களை அடுக்கினேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவருடைய மகள் என்னருகே வந்து, “சாமி, அம்மா கூட்டும்போதெல்லாம் பாடிக்கிட்டேதான் கூட்டுவாங்க. அதை நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்” என்றாள். குறையாய்ச் சொல்லவில்லை, ஏக்கமாய்ச் சொன்னாள்.

என் நெஞ்சில் முள் தைத்தது. ஏனெனில் அப்பாட்டை நான் அறிவேன். நாள்தோறும் விடியலில், திருவுடை அணியும் அறையில் நிற்கும்போது, சுவருக்கு அப்பாலிருந்து துடைப்பத்தின் ஓசையோடு கலந்து அது என் காதில் விழுந்துகொண்டேயிருந்தது. விழுந்தது, நான் கேட்கவில்லை. ஆகையால்தான், வரையவேண்டிய நாளில் என்னிடம் அவர் முகம் இல்லை. பழுப்பு அட்டை ஒன்றைப் போர்த்தி, பெயரை மட்டும் எழுதி, அவரை அனுப்பிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில், அறிவிப்புகளுக்கு முன், அம்மூதாட்டி பாடிக்கொண்டு கூட்டியதை மக்களிடம் சொன்னேன். பெண்கள் பகுதியில் சிலர் தலையசைத்தனர். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலங்கடந்த உறைதான். எனினும், அதில் அவர் இருந்தார்.

வாசக அன்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டில் யாரைப் பற்றியேனும் பேச்சு எழும். வாய் திறக்குமுன் ஒரு நொடி எண்ணிப் பாருங்கள்: அவர் பாட்டை நான் கேட்டிருக்கிறேனா?